சியாவ் குவான்ஹுவா: பத்திரிகைக்காரர் எப்படிச் சீனாவின் வெளியுறவு அமைச்சரானார்?

1971இல் ஐ.நா. பொதுச்சபையில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கும் சீனப் பிரதிநிதியின் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் முன்பு பத்திரிகையாளர் என்றும் அறிந்திருக்கிறீர்கள். பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர் எப்படி வெளியுறவு அமைச்சரானார், அவ்வளவு உயரத்துக்குப் போனவர் ஏன் சட்டென்று காணாமல் போனார் என்று கேட்கிறீர்கள். இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றுதான்: எழுத்துத் தொழில் அவருக்கு ராஜதந்திரத்தில் உண்மையிலேயே கைகொடுத்ததா, அல்லது கட்சி பிடித்த கையால் மேலே வந்தவரா? கட்சியின் கை இல்லாமல் அங்கே யாரும் மேலே வரவில்லை. ஆனால் அவரை அந்தக் கை பிடித்ததற்குக் காரணம் அவர் எழுத்துதான். கடைசியில் அவரைச் சிக்கவைத்ததும் ஒரு வரைவில் இருந்த ஆறு எழுத்துச் சொற்றொடர். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சியாவ் குவான்ஹுவா 1913இல் ஜியாங்சு மாகாணத்தின் யான்செங் பகுதியில் பிறந்தார். பதினாறு வயதில் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தத்துவம் படித்தார். பிறகு ஜப்பான், அங்கிருந்து ஜெர்மனி. டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பண்டைய சீனச் சிந்தனையாளர் சுவாங்சியைப் பற்றி ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் வாங்கினார். ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானியம் மூன்றையும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய, ஐரோப்பாவை நேரில் பார்த்த ஓர் இளைஞர் 1938இல் நாடு திரும்பும்போது சீனா ஜப்பானுடன் போரில் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் அன்று மிகக் குறைவு. ஹாங்காங்கில் ஒரு மாலை நாளிதழில் சர்வதேச நிலவரம் பற்றிய தலையங்கங்களை எழுதத் தொடங்கினார். 1939இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஹாங்காங்கில் கட்சி வேலைகளைக் கவனித்துவந்த லியாவ் செங்சி அவரைக் கட்சிக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர்.

இங்கே ஒரு சின்ன விஷயம் தெரிந்திருந்தால் பழைய ஆவணங்களில் ஆளைத் தவறவிட மாட்டீர்கள். ஹாங்காங்கில் அவர் 'சியாவ் மு' என்ற புனைபெயரில் எழுதினார். அதே காலத்தில் வடக்கே, கட்சித் தலைமை இருந்த யெனானில், மாவோவின் செயலாளர் ஹு சியாவ்முவும் அதே பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். வாசகர்கள் 'தெற்கு சியாவ் மு, வடக்கு சியாவ் மு' என்று பிரித்துச் சொன்னார்கள். பின்னால் இவர் சொந்தப் பெயருக்குத் திரும்பினார், மாவோவின் செயலாளர் 'ஹு' என்ற தன் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். இதுவரை உறுதி. இந்த வழக்கை மாவோவே உட்கார்ந்து தீர்த்துவைத்தார் என்ற கதை பல வடிவங்களில் உலவுகிறது. வடிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டாததால் அதைச் செவிவழிச் செய்தியாக வைத்துக்கொள்வதே சரி. அவருடைய கட்டுரை ஒன்று இரண்டு டாங்கிப் படைப்பிரிவுகளுக்குச் சமம் என்று மாவோ பாராட்டியதாகச் சொல்லப்படுவதும் இந்த வகைதான். பல நினைவுக்குறிப்புகளில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று உறுதியாகிவிடாது. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து எழுதியிருப்பார்.

1941 டிசம்பரில் ஹாங்காங் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அவர் போர்க்காலத் தலைநகரான சோங்சிங்குக்கு வந்து சேர்ந்தார். அங்கே கட்சித் தலைவர்களில் ஒருவரான, பின்னாளில் பிரதமரான சூ என்லாய் இருந்தார். அன்று சீனாவை ஆண்ட தேசியவாதக் கட்சியான கோமின்டாங்கின் ஆட்சிப் பகுதிக்குள் சட்டபூர்வமாக வெளிவந்த ஒரே கம்யூனிஸ்ட் நாளிதழான 'சின்ஹுவா ரிபாவ்' இருந்தது. அதில் 'யு ஹுவாய்' என்ற பெயரில் சர்வதேச விமர்சனப் பத்தி எழுதினார். இந்த வேலை எப்படிப்பட்டது என்று புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது எல்லாம் விளங்கும். ஒவ்வொரு பக்கமும் தணிக்கை அதிகாரிகளின் மேசைக்குப் போய்த்தான் அச்சுக்கு வரும். 1941 ஜனவரியில், கம்யூனிஸ்டுகளின் புதிய நான்காவது படையைக் கோமின்டாங் படை தாக்கிய செய்தியைத் தணிக்கை வெட்டியபோது, அந்த வெற்றிடத்தில் சூ என்லாய் தன் கையெழுத்தில் சில வரிகளைப் போட்டு இதழை வெளியிட்டார் என்பது புகழ்பெற்ற சம்பவம். உள்நாட்டு அரசியலை நேராக எழுத முடியாத இடத்தில், ஸ்டாலின்கிராடையும் வட ஆப்பிரிக்காவையும் பற்றி எழுதுவதுபோல் எழுதி வாசகருக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும். எதிரெதிர் முகாம்களின் தந்திச் செய்திகளை அருகருகே வைத்து, எது உண்மை, எது ஊருக்குச் சொல்வது, யார் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பிரிக்க வேண்டும். பிறகு ஒரு சொல்கூடத் தவறாமல் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு சொல் தவறினால் தணிக்கையும் பிடிக்கும், கட்சியும் பிடிக்கும்.

கட்சி பிடிக்கவும் செய்தது. சோங்சிங்கில் எழுதிய சில பண்பாட்டுக் கட்டுரைகளுக்காக இவரும் நண்பர் சென் ஜியாகாங்கும் உட்கட்சி விமர்சனத்துக்கு ஆளானார்கள். சூ என்லாய் இவர்களைக் கைவிடவில்லை. சென் ஜியாகாங் என்ற பெயர் இந்திய வரலாறு படிப்பவர்களுக்கு வேறோர் இடத்தில் எதிர்ப்படும். 1950 அக்டோபர் தொடக்கத்தில் பெய்ஜிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரை நள்ளிரவில் எழுப்பி, சூ என்லாய் உடனே பார்க்க விரும்புகிறார் என்று சொன்னவர் அவர்தான். கொரியப் போரில் அமெரிக்கப் படை வட, தென் கொரியாவைப் பிரித்த 38ஆம் அட்சக்கோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்ற எச்சரிக்கை அந்த இரவில்தான் இந்தியா வழியாகப் போனது.

சோங்சிங்கில்தான் கோங் பெங்கை மணந்தார். வெளிநாட்டு நிருபர்களுக்குக் கட்சியின் நிலைப்பாட்டை விளக்கும் பொறுப்பு கோங் பெங்குடையது. போர் முடிந்து உள்நாட்டுப் போர் தொடங்கியதும் இருவரும் ஹாங்காங்குக்கு அனுப்பப்பட்டார்கள். 1947இல் கட்சியின் சின்ஹுவா செய்தி முகமையின் ஹாங்காங் கிளை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் சியாவ். பெயர் செய்தி முகமை, செய்த வேலையில் பாதி தூதரகத்துடையது. பிரிட்டிஷ் காலனியில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம் வைக்க முடியாது, செய்தி முகமை வைக்கலாம். சீனா ஹாங்காங்கைத் திரும்பப் பெற்ற பிறகும் அந்தப் பெயர் தொடர்ந்தது. 2000இல்தான் அது 'தொடர்பு அலுவலகம்' என்று மாற்றப்பட்டது. ஆகவே 'பத்திரிகையாளர் ராஜதந்திரியாக மாறினார்' என்பதில் 'மாறினார்' என்ற சொல் கொஞ்சம் தவறான படத்தைத் தருகிறது. 1949க்கு முன்பே இரண்டும் ஒரே மேசையில்தான் நடந்துகொண்டிருந்தன.

1949இல் புதிய வெளியுறவு அமைச்சகம் தொடங்கியபோது சூ என்லாய் பழைய ஆட்சியின் தூதர்களை வைத்து அதை நடத்த விரும்பவில்லை. வெளிநாடுகளுக்குத் தூதர்களாகப் பெரும்பாலும் படைத்தளபதிகளை அனுப்பினார். இந்தியாவுக்கு வந்த முதல் தூதர் யுவான் சோங்சியானும் படையிலிருந்து வந்தவரே. கட்டுப்பாடும் விசுவாசமும் அவர்களிடம் இருந்தன, மொழி இல்லை. தலைமை அலுவலகத்தில் படிக்கவும் எழுதவும் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அந்த இடத்தைச் சோங்சிங் பத்திரிகைக் குழு நிரப்பியது. 'சின்ஹுவா ரிபாவ்' ஆசிரியராக இருந்த சாங் ஹான்ஃபு துணை அமைச்சரானார், கோங் பெங் செய்தித் துறையின் தலைவரானார், சியாவ் கொள்கை வகுக்கும் இடத்துக்கு அருகில் அமர்ந்தார். இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் அவருடைய உயர்வு விதிவிலக்காகத் தெரியாது.

அதன் பிறகு அவர் வாழ்க்கை வரைவுகளின் வரலாறு. 1950 நவம்பரில் வூ சியுசுவான் தலைமையில் ஒன்பது பேர் கொண்ட குழு ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் பேச நியூயார்க் போனபோது, உரையைத் தயாரித்தவர்களில் சியாவ் ஒருவர். ஆனால் பத்திரிகைப் பயிற்சி என்ன செய்யும் என்பதைத் துல்லியமாகக் காட்டுவது கொரியப் போர்நிறுத்தப் பேச்சுதான். 1951 ஜூலை 10 அன்று கேசோங்கில் தொடங்கி 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தாகும் வரை அந்தப் பேச்சு இரண்டு ஆண்டுகளும் பதினேழு நாட்களும் இழுத்தது. மேசையில் உட்கார்ந்தவர்கள் கொரிய, சீனத் தளபதிகள். பின்னால் இருந்து நடத்தியவர்கள் வெளியுறவுத் துணை அமைச்சர் லி கெனோங்கும் சியாவும். ரகசியத்துக்காக ஒருவரை 'அணித் தலைவர் லி' என்றும் மற்றவரை 'வழிகாட்டி சியாவ்' என்றும் அழைத்தார்கள். பகலில் கூடாரத்தில் நடந்ததை மாலையில் கேட்டு, எதிர்த்தரப்பு எந்தச் சொல்லை மாற்றிப் பேசியது என்று பிரித்து, மறுநாள் பேச வேண்டியதை எழுதி, பெய்ஜிங்குக்குத் தந்தி அடித்துப் பதில் வாங்கி, விடிவதற்குள் மேசையில் உட்காருபவர் கையில் கொடுக்க வேண்டும். நாளிதழ் ஆசிரியர் குழுவின் இரவு வேலையும் இதேதான்.

போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் விஷயத்தில் பேச்சு முறிந்து நின்றது. ஐசனோவர் அமெரிக்க அதிபராகப் பதவிக்கு வந்த புதிதில், பெய்ஜிங் முதலில் அசைய வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1953 பிப்ரவரி 19 அன்று சியாவ் அனுப்பிய மதிப்பீடு, ஓர் அசைவைவிட அசையாமல் இருப்பது மேல், அமெரிக்கா தானே இறங்கிவரும் வரை நிலைமையை அப்படியே விடலாம் என்றது. மூன்று நாளில், பிப்ரவரி 22 தேதியிட்ட கடிதத்தில், அமெரிக்கத் தளபதி மார்க் கிளார்க் நோயுற்ற, காயமடைந்த கைதிகளைப் பரிமாறிக்கொள்ளலாம் என்று கேட்டார். அதிர்ஷ்டமும் கலந்ததுதான். மார்ச்சில் ஸ்டாலின் இறந்தது எல்லாக் கணக்கையும் மாற்றியது. ஆனாலும் எதிராளியின் பேச்சிலும் பத்திரிகையிலும் உள்ள அவசரத்தை நிதானமாகப் படிக்கத் தெரிந்தவர் எழுதிய மதிப்பீடு அது.

1954 ஜெனீவா மாநாட்டில் ஆலோசகர், 1960களில் துணை அமைச்சர் என்று ஏறிக்கொண்டே போனவரை, 1966இல் மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சி கீழே இழுத்தது. அமைச்சர் சென் யி, துணை அமைச்சர் ஜி பெங்ஃபெய் இருவரோடும் சேர்த்து இவர் பெயரும் வசைமுழக்கங்களில் வந்தது. அந்தப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்களின் துண்டு இதழ்களைத் தெருவில் நின்று விற்க வைத்தார்கள் என்று அவரை அறிந்தவர்களின் நினைவுகள் சொல்கின்றன. சாங் ஹான்ஃபு சிறையிலேயே இறந்தார். கோங் பெங் 1970 செப்டம்பரில் காலமானார். சியாவ் தப்பியது சூ என்லாய்க்கு அவர் தேவைப்பட்டதால். 1969இல் எல்லை ஆற்றில் உள்ள ஜென்பாவ் தீவில் சோவியத் படையோடு மோதல் நடந்த பின், அக்டோபரில் பெய்ஜிங்கில் தொடங்கிய எல்லைப் பேச்சுக்குச் சீனத் தரப்பின் தலைவராக அவரைத்தான் உட்காரவைத்தார்கள்.

பிறகு நீங்கள் பார்த்த புகைப்படம். 1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபை 76 ஆதரவு, 35 எதிர்ப்பு, 17 நடுநிலை என்ற கணக்கில், அதுவரை தைவான் அரசு வைத்திருந்த சீனாவின் இடத்தை பெய்ஜிங்குக்குக் கொடுத்தது. இந்தியாவும் இலங்கையும் ஆதரித்து வாக்களித்தன. பெய்ஜிங் இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் குழு அமைத்து, உரை எழுதி, நவம்பர் 15 அன்று சியாவ் மேடையேறினார். அந்த உரையில் வரும் 'நாடுகளுக்கு வேண்டும் சுதந்திரம், தேசங்களுக்கு வேண்டும் விடுதலை, மக்களுக்கு வேண்டும் புரட்சி' என்ற மூன்று துண்டுகளைப் பாருங்கள். சீனத்தில் ஒவ்வொன்றும் ஐந்தே எழுத்து. தலைப்பு எழுதிப் பழகிய கையின் அடையாளம் அதில் இருக்கிறது.

ஆனால் என் மதிப்பீட்டில் அவருடைய உச்சம் அந்தச் சிரிப்பும் உரையும் அல்ல, அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணத்தில் வெளிவந்த 1972 பிப்ரவரியின் ஷாங்காய் கூட்டறிக்கை. இதைப் பற்றி உறுதியாகப் பேச முடிவதற்குக் காரணம், அமெரிக்கத் தரப்பின் உரையாடல் பதிவுகள் வெளியிடப்பட்டுவிட்டன. வழக்கமான கூட்டறிக்கை, ஒத்துப்போன விஷயங்களை மெழுகிப் பூசிச் சொல்லும். 1971 அக்டோபரில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் கொண்டுவந்த வரைவும் அப்படித்தான் இருந்தது. சூ என்லாய் அதை ஏற்கவில்லை. இரு தரப்பும் தத்தம் கருத்தைத் தனித்தனியே, முரண்பட்டபடியே எழுதலாம், ஒத்துப்போகும் சிலவற்றை மட்டும் பொதுவில் சொல்லலாம் என்றார். ஒரே பக்கத்தில் எதிரெதிர்க் கட்டுரைகளை அச்சிடுவது போன்ற அமைப்பு. நிக்சன் பெய்ஜிங்குக்கு வந்ததும் கிசிஞ்சரும் சியாவும் நாள்தோறும் உட்கார்ந்து தைவான் பத்தியைச் சொல் சொல்லாக இழைத்தார்கள். 'தைவான் நீரிணையின் இரு பக்கமும் உள்ள எல்லாச் சீனரும் சீனா ஒன்றே என்றும், தைவான் அதன் பகுதி என்றும் கூறுவதை அமெரிக்கா அறிந்திருக்கிறது, அந்த நிலைப்பாட்டுக்கு மறுப்புத் தெரிவிக்கவில்லை' என்ற வாக்கியம் அப்படிப் பிறந்தது. சீனாவின் கோரிக்கையை அமெரிக்கா ஏற்றதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை.

இதில் தவறிப்போகவிருந்த இடம், அதே பயணத்தில் நிக்சன் குழு போன ஹாங்சோ நகரில் வந்தது. சீனத் தலைமை ஒப்புதல் கொடுத்த பிறகு, அதுவரை ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த அமெரிக்க வெளியுறவுத் துறையினர் வரைவைப் பார்த்துத் திருத்தப் பட்டியல் நீட்டினார்கள். 'எல்லாச் சீனரும்' என்பதில் 'எல்லா' வேண்டாம், தைவானில் பிறந்தவர்களில் சிலர் தங்களை அப்படி நினைக்காமல் இருக்கலாம் என்பது ஒன்று. ஆசிய நாடுகளோடு உள்ள ஒப்பந்தக் கடமைகளைச் சொல்லும் இடத்தில் தைவானை மட்டும் விட்டது, அதைக் கைவிட்டதுபோல் ஆகிவிடும் என்பது இன்னொன்று. கிசிஞ்சர் இதைக் கொண்டுவந்தபோது சியாவ் கோபப்பட்டார், அதற்கு நியாயமும் இருந்தது. ஆனாலும் இரவோடிரவாக மறுபடி உட்கார்ந்தார்கள். தைவான் பத்தியில் அவர் ஓர் எழுத்தும் தரவில்லை. மற்றப் பத்தியில் ஒப்பந்தக் கடமை பற்றிய பேச்சே வராதபடி மாற்றி எழுதச் சம்மதித்தார். எதை விட்டுக்கொடுத்தால் பக்கம் விழாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூடவே ஒரு நுட்பம்: அந்த வாக்கியத்தில் 1972 சீனப் பிரதியில் 'உணர்கிறது' என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. 1979இல் தூதரக உறவு தொடங்கிய கூட்டறிக்கையின் சீனப் பிரதியில் 'ஒப்புக்கொள்கிறது' என்ற வலுவான சொல் வந்துவிட்டது. ஆங்கிலச் சொல் இரண்டிலும் ஒன்றே. இன்றும் தைவான் பற்றிய வாதங்களில் இந்த வேறுபாடு கிளம்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இந்த அறிக்கைகளை ஒரே மொழியில் மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள்.

1974 ஏப்ரலில் டெங் சியாவ்பிங் ஐ.நா. சிறப்புக் கூட்டத்தில் உலகை மூன்றாகப் பிரிக்கும் மாவோவின் 'மூன்று உலகங்கள்' கோட்பாட்டைப் பற்றிப் பேசியபோது உடன் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் வெளியுறவு அமைச்சரானார். இரண்டு ஆண்டு மட்டுமே இருந்தார். 1976 டிசம்பர் தொடக்கத்தில் நீக்கப்பட்டு, ஹுவாங் ஹுவா அந்த இடத்துக்கு வந்தார்.

ஏன் என்பதில்தான் உறுதியானதும் ஐயத்துக்குரியதும் பின்னிக்கிடக்கின்றன. உறுதியானது முதலில். 1976 செப்டம்பர் 9 அன்று மாவோ இறந்தார். ஒரு வாரத்தில் மூன்று முதன்மை இதழ்களின் கூட்டுத் தலையங்கம், 'வகுத்த கொள்கைப்படி நட' என்பது மாவோவின் கடைசி அறிவுரை என்று அச்சிட்டது. மாவோ தனக்குப் பின் தலைவரான ஹுவா குவோஃபெங்குக்குக் கைப்பட எழுதிக்கொடுத்ததோ 'கடந்த காலக் கொள்கைப்படி செய்' என்பது. சீனத்தில் இரண்டும் ஆறு எழுத்து, மூன்று எழுத்து வேறு. முதல் வடிவத்தைப் பரப்பியவர்கள் மாவோவின் மனைவி ஜியாங் சிங்கும் அவர் கூட்டாளிகளுமான 'நால்வர் குழு' என்று பிறகு குற்றம் சாட்டப்பட்டது. அந்த வடிவம் சியாவ் ஐ.நா.வில் பேசவிருந்த உரையின் வரைவிலும் இருந்தது. அக்டோபர் 2 அன்று ஹுவா வரைவைப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டால் மூன்று எழுத்து பிழை, மேலும் பரவாமல் இருக்க நீக்குகிறேன் என்று ஓரத்தில் எழுதி அடித்தார். அக்டோபர் 6 அன்று நால்வர் குழு கைது செய்யப்பட்டது. நியூயார்க்கில் இருந்து திரும்பிய அமைச்சர் சந்தேக வளையத்துக்குள் வந்தார்.

அந்தச் சொற்றொடர் வரைவில் இருந்ததே அவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதற்குச் சான்று ஆகுமா? ஆகாது என்பது என் கருத்து. நாட்டின் மூன்று முதன்மை இதழ்களும் அச்சிட்டுவிட்ட தலைவரின் வாசகத்தை அரசு உரையில் சேர்க்காமல் விடுவதுதான் அன்று ஆபத்து. ஆனால் அது மட்டுமே அவர் மீதிருந்த குறை இல்லை. 1973 இறுதியில், கிசிஞ்சர் வந்துபோன பின் மாவோவின் உத்தரவில் கட்சியின் உயர் தலைமைக் குழுவான பொலிட்பீரோ கூடிச் சூ என்லாயைக் கடுமையாக விமர்சித்தது. அதில் பங்குபெற்ற அமைச்சக அதிகாரிகளில் சியாவும் ஒருவர். முப்பது ஆண்டு தன்னைக் காத்தவருக்கு எதிராக அவர் எவ்வளவு தூரம் பேசினார் என்பது பங்கேற்றவர்களின் பிற்கால நினைவுகளையும் எதிர்முகாம்களின் குறிப்புகளையுமே நம்பி நிற்கிறது. 1976இல் ஜியாங் சிங் பக்கம் எவ்வளவு சாய்ந்தார் என்பதும் அப்படியே. அவர் 1973இல் மணந்த சாங் ஹான்சி, மாவோவுக்கு ஆங்கிலம் கற்பித்தவர், அமைச்சகத்திலும் செல்வாக்கோடு இருந்தவர். அவர் எழுதிய நினைவுகள் கணவரை நியாயப்படுத்துகின்றன. அமைச்சகத்தில் அவர்களோடு மோதியவர்களின் தரப்பு வேறு மாதிரிச் சொல்கிறது. சீன வெளியுறவு ஆவணக் காப்பகம் 2004இலிருந்து படிப்படியாகப் பொதுப் பார்வைக்குத் திறந்தபோதும் 1965 வரையிலான கோப்புகளையே வெளியிட்டது, பின்பு அவற்றிலும் பெரும்பகுதியை மூடிக்கொண்டது. 1970களின் கோப்புகள் வெளிவராமல் இதில் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தீர்ப்பாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆறு ஆண்டு விசாரணையிலும் ஒதுக்கத்திலும் கழிந்தன. 1982 இறுதியில் வெளிநாட்டு நட்புறவுச் சங்கத்தின் ஆலோசகர் என்ற பதவி கொடுத்தார்கள். அதற்குள் புற்றுநோய் முற்றியிருந்தது. 1983 செப்டம்பர் 22 அன்று எழுபது வயதில் இறந்தார். அஸ்தி சுசோவுக்கு அருகே தோங்ஷானில் புதைக்கப்பட்டது.

மேலே தேடிப் படிப்பதாக இருந்தால், 1979க்கு முந்தைய ஆங்கில நாளிதழ்களிலும் ஆவணங்களிலும் அவர் பெயர், சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் இன்றைய பின்யின் முறைப்படி 'Qiao Guanhua' என்று இருக்காது. பழைய எழுத்துப்பெயர்ப்பில் 'Chiao Kuan-hua' என்று, குவான், ஹுவா இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போட்டு அச்சிட்டிருப்பார்கள். இன்றைய வடிவத்தை மட்டும் வைத்துத் தேடினால் 1971, 1972 செய்திகளில் பெரும்பாலானவை கிடைக்காது. சீனத்தில் படிப்பவர் என்றால் சியாவ் மு, யு ஹுவாய் என்ற இரு புனைபெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். 'சியாவ் மு' என்று வரும் இடத்தில் அது ஹாங்காங்கா யெனானா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.